எலும்பு கூடிவிட்டது என்கிறார்கள், விரல் மடங்கவில்லையே?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். வயது 54. போன ஐப்பசியில் சம்பா நடவுக்குப் போகும்போது வரப்பில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். அரிப்பு தாங்காமல் மூன்றாவது வாரமே பிரித்துவிட்டு, முட்டை வெள்ளைக்கரு தடவி மூங்கில் பத்தை வைத்து நாட்டுக்கட்டு கட்டிக்கொண்டேன். அதன் பிறகு ஒன்றரை மாதம் விரலைக்கூட அசைக்கவில்லை. இப்போது எக்ஸ்ரே பார்த்து எலும்பு கூடிவிட்டது என்கிறார்கள். ஆனால் கை கோணலாக இருக்கிறது. விரல் முழுசாக மடங்கவில்லை. துணி பிழிந்தால் சுண்டுவிரல் பக்கம் உயிர் போகிறது. மார்கழிப் பனியில் இன்னும் மோசமாக இருந்தது. என் நாத்தனாருக்கும் இதே இடத்தில்தான் முறிந்தது, நன்றாக ஆகிவிட்டது. எனக்கு மட்டும் ஏன்? மறுபடி உடைத்துத்தான் சேர்க்க வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள். குறுவை நடவுக்குப் போக முடியுமா டாக்டர்? (மகளை விட்டு எழுதச் சொன்னேன்.)

பதில்: அம்மா, எலும்பைப் பற்றிய கவலையை முதலில் இறக்கி வையுங்கள். அது கூடிவிட்டது. இந்த இடத்தில் முறியும் எலும்பு கூடாமல் போவது அபூர்வம். இப்போது உங்களைப் படுத்துவது எலும்பைச் சுற்றியிருப்பவை. வேலையில்லாமல் கிடந்து இறுகிப்போன விரல் மூட்டுகள், வழுக்கி ஓட வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்ட தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்), இவைதான். இதில் பெரும்பகுதியை இப்போதும் சரிசெய்யலாம்.

நடந்தது என்னவென்றால், முன்கையில் இருக்கும் இரண்டு எலும்புகளில் பெருவிரல் பக்கத்து எலும்பு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்திருக்கிறது. கை ஊன்றி விழுபவர்களுக்கு வழக்கமாக முறியும் இடம் இதுதான். மூன்றாவது வாரத்தில் அந்த இடத்தில் உருவாகியிருப்பது இளம் எலும்பு. தொட்டால் வலி குறைந்திருக்கும், ஆனால் உறுதி வந்திருக்காது. கட்டைப் பிரித்ததும் முறிந்த துண்டு கொஞ்சம் பின்னால் சாய்ந்து, கொஞ்சம் குட்டையாகி, அப்படியே கூடிவிட்டது. பக்கத்து எலும்பு பழைய நீளத்தில்தானே இருக்கிறது? அது இப்போது துருத்திக்கொண்டு மணிக்கட்டில் இடிக்கிறது. துணி பிழியும்போதும், குடத்தைச் சாய்க்கும்போதும், கையை எப்போது முறுக்கினாலும் சுண்டுவிரல் பக்கம் வலிப்பது அதனால்தான்.

நாட்டுக்கட்டு கட்டியவரைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். டெல்டாவில் அந்தக் கட்டு வழியாக வராத எலும்பு முறிவு நோயாளியைப் பார்ப்பதே கஷ்டம். திட்டி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. எனக்குப் பயம் இரண்டு விஷயத்தில்தான். ஒன்று, இறுக்கிக் கட்டிவிட்டு, விரல் வீங்கி நீலம் பாய்ந்தாலும் 'அப்படித்தான் இருக்கும்' என்று விடுவது. விரலை லேசாக நீட்டினாலே உயிர் போகிற வலி என்றால், எந்தக் கட்டாக இருந்தாலும், மாவுக்கட்டாகவே இருந்தாலும், அந்த நிமிடமே தளர்த்தி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சில மணி நேரம் தாமதித்தாலே கையின் தசை நிரந்தரமாகச் செத்துவிடும். இரண்டாவது, உங்களுக்கு நடந்தது: விரலை அசைக்காதே என்று சொல்வது. மாவுக்கட்டு போட்ட அன்றைக்கே விரலை மடக்கி நீட்டத் தொடங்க வேண்டும், தோளைத் தூக்கி இறக்க வேண்டும். உங்கள் நாத்தனார் அநேகமாக இதைச் செய்திருப்பார், அடுப்படி வேலை சும்மா விட்டிருக்காது. முறிவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டுக்குள் விரிசல் போயிருந்தால் கதையே வேறு.

இனி என்ன செய்வது? கை பொறுக்கிற வெந்நீரில் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு கணுவாக மடக்குங்கள். இழுக்கிற வலி வரலாம், அது பரவாயில்லை. மறுநாளும் வீக்கம் வடியவில்லை என்றால் அளவு மீறிவிட்டீர்கள். அடுத்து இரண்டு கையையும் கும்பிட்டு, உள்ளங்கை பிரியாமல் மெல்லக் கீழே இறக்குங்கள். மணிக்கட்டு பின்னால் வளையப் பழகும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கோயிலில் தீர்த்தம் வாங்கக் கை ஏந்துவீர்களே, அப்படி உள்ளங்கையை மேலே திருப்புங்கள். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப்போவது இதுதான், அதனால் இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். சப்பாத்தி மாவு பிசைவது நல்ல பயிற்சி. ஈரத்துணி பிழிவது இப்போதைக்கு வேண்டாம். ஒரே மூச்சில் அரை மணி நேரம் செய்வதைவிட, ஐந்து ஐந்து நிமிடமாக நாளைக்கு ஆறு தடவை செய்வது மேல். பிசியோதெரபிக்குத் தினமும் பஸ் ஏற முடியாது என்று தெரியும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கட்டுப்பாட்டில் வையுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு விரலும் தோளும் இறுகுவது அதிகம்.

உடைத்துச் சேர்க்கும் அறுவை சிகிச்சை உண்மையில் உண்டு. கோணலாகக் கூடிய எலும்பை வெட்டி, நேராக்கி, பிளேட் வைப்பார்கள். பார்க்க நன்றாக இல்லை என்பதற்காக மட்டும் அதைச் செய்ய வேண்டாம். ஆப்ரகாம் கோலிஸ் என்ற அயர்லாந்து மருத்துவர் 1814இல், எக்ஸ்ரே கண்டுபிடிக்க 80 ஆண்டுகளுக்கு முன்பே, இந்த முறிவை விவரித்து எழுதினார். கோணல் ஆயுசுக்கும் இருக்கும், ஆனால் காலப்போக்கில் வலி போய், அசைவு திரும்பிவிடும் என்பது அவர் கண்டது. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை என்றாலும், உங்கள் வயதில் பலருக்கு அது சரியாகத்தான் இருக்கிறது. மூன்று நான்கு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்த பிறகும் சுண்டுவிரல் பக்க வலி வேலையைக் கெடுத்தால், தஞ்சாவூர் அல்லது திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பழைய எக்ஸ்ரே படங்களையும் காப்பீட்டு அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

அதுவரை காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. கைத்தோல் மினுமினுத்து, நிறம் மாறி, வியர்த்து, சேலைத் தலைப்பு பட்டாலே எரிகிறது என்றால், அது நரம்பு சார்ந்த தனி வலி நோயாக இருக்கலாம். இரவில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் நரம்பு நசுங்குகிறது. பெருவிரலைத் திடீரென்று ஒருநாள் மேலே தூக்க முடியவில்லை என்றால் அதன் தசைநாண் அறுந்திருக்கலாம். இவற்றில் எது இருந்தாலும் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். பனிக்கால வலி அந்த வகை இல்லை. பலர் சொல்வதுதான். கூடிய எலும்பு அதனால் பிரிந்துவிடாது.

நீங்கள் கேட்காத ஒன்று என்னை உறுத்துகிறது. நின்ற உயரத்திலிருந்து வழுக்கி விழுந்ததற்கே 54 வயதில் எலும்பு முறிகிறது என்றால், எலும்பு பலம் குறைந்து மெலிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அடுத்த முறை இடுப்பு முறிந்தால் படுக்கைதான். எலும்பின் பலத்தோடு தொடர்புள்ளது என்பதால் கேட்கிறேன், மாதவிலக்கு எந்த வயதில் நின்றது? கர்ப்பப்பை எடுத்திருந்தால், சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா? இதை மருத்துவரிடம் சொல்லி, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் வைட்டமின் டி பரிசோதனையும் கேளுங்கள். ஸ்கேனில் டி-ஸ்கோர் என்ற அடர்த்தி அளவு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்பு மெலிவு நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்). அதற்கு வாரம் ஒரு மாத்திரை, வருடம் ஒரு ஊசி என்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. மருந்துக்கடையில் 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலத்தை நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடாதீர்கள்.

ஆட்டுக்கால் சூப்பில் ருசி இருக்கும், கால்சியம் மிகக் குறைவு. கேழ்வரகு, தயிர், முருங்கைக்கீரை, முள்ளோடு மெல்லும் நெத்திலி, இவைதான் கால்சியம். பிரண்டைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். கும்பகோணம் வெற்றிலையோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்குள் புகையிலை வைத்தால் எலும்பும் கெடும், வாயும் கெடும்.

குறுவைக்கு: நாற்றுப் பறிக்கப் போகாதீர்கள். பிடுங்கி, சேறு போக அடித்து, முடியாக (சிறு கட்டாக) கட்டுவதெல்லாம் மணிக்கட்டை முறுக்கும் வேலை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு குத்து நாற்றை வலியில்லாமல் பிடிக்க முடிந்தால், நடவுக்குப் போகலாம். முதல் வாரம் அரை நாள் மட்டும். தலையில் நாற்றுக்கட்டு வைத்துக்கொண்டு வரப்பில் நடப்பதை வேறு யாரிடமாவது விடுங்கள்.