மாதம் 180 ரூபாய்: சேரலாமா, வேண்டாமா?

கேள்வி: எனக்கு 38 வயதாகிறது. வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். சாதாரண மாதங்களில் பத்தாயிரம் ரூபாய் வரும். தீபாவளி, பொங்கல், கல்யாண சீசன் என்று மூன்று மாதங்களில் இருபதாயிரம் வரை கிடைக்கும். மத்திய அரசின் பிரதம மந்திரி ஷ்ரம் யோகி மான்தன் ஓய்வூதியத் திட்டத்தில் சேரச் சொல்கிறார் தோழி. என் கணவரோ, "அது இல்லாதவர்களுக்கான உதவி, நமக்கு எதற்கு?" என்கிறார். நான் சேரலாமா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் உங்கள் கணவரின் தயக்கத்தை எடுத்துக்கொள்வோம். 2019-இல் தொடங்கப்பட்ட இத்திட்டம் இலவச உதவி அன்று. நீங்கள் செலுத்தும் தொகைக்குச் சமமான தொகையை மத்திய அரசும் உங்கள் கணக்கில் சேர்க்கிறது. கம்பெனியில் வேலை செய்பவருக்கு முதலாளி பி.எஃப். பங்கைக் கட்டுவதைப் போன்றதுதான் இது. முதலாளி இல்லாத தையற்காரருக்கு அந்தப் பங்கை வேறு யார் கட்டுவார்கள்?

அடுத்தது தகுதி. வயது 18 முதல் 40 வரை இருக்க வேண்டும். மாத வருமானம் 15,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வருமான வரி செலுத்துபவராகவோ பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) ஆகியவற்றில் உறுப்பினராகவோ இருக்கக் கூடாது. உங்களை உறுத்துவது அந்த மூன்று மாதங்கள்தான் என்று நினைக்கிறேன். ஒன்பது மாதங்களுக்குப் பத்தாயிரம், மூன்று மாதங்களுக்கு இருபதாயிரம் என்று கூட்டினால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வருகிறது. சராசரி மாதம் 12,500. நூல், லைனிங் துணி, மின் கட்டணம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முன்பே இவ்வளவுதான். சீசனுக்குச் சீசன் ஏறி இறங்கும் தொழிலில் ஆண்டுச் சராசரியைப் பார்ப்பதே நியாயம் என்பது என் கருத்து. வருமானத்தை நீங்களே உறுதிமொழியாகத் தெரிவிக்க வேண்டியிருப்பதால், வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இனி லாபக் கணக்கு. 38 வயதில் சேர்ந்தால் மாதம் 180 ரூபாய். 22 ஆண்டுகளில் உங்கள் பங்கு 47,520 ரூபாய். அறுபது வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் உறுதியாகக் கிடைக்கும். கட்டிய பணம் பதினாறே மாதங்களில் திரும்பிவிடும். அதே 180 ரூபாயை ஏழு சதவீத வட்டியில் நீங்களாகவே சேமித்தால் ஏறக்குறைய 1,12,000 ரூபாய் சேரும். அதன் மாத வட்டி 650 ரூபாய் அளவில்தான் இருக்கும். ஆனால் அந்த மூவாயிரம் விலைவாசியோடு சேர்ந்து உயராது. ஆண்டுக்கு ஆறு சதவீதம் விலை ஏறினால், 22 ஆண்டுகள் கழித்து அது இன்றைய 830 ரூபாய்க்குச் சமம். மளிகைக்கடை பாக்கியைத் தீர்க்க உதவும். குடும்பத்தை நடத்தப் போதாது. ஓய்வூதியம் பெறும் காலத்தில் நீங்கள் இறக்க நேர்ந்தால் கணவருக்குப் பாதித் தொகை கிடைக்கும். அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு எதுவும் வராது.

உண்மையில் யோசிக்க வேண்டியது இடையில் நிற்பதைப் பற்றித்தான். பத்து ஆண்டுகள் முடிவதற்குள் விலகினால் உங்கள் பங்கு மட்டும் சேமிப்புக் கணக்கு வட்டியோடு திரும்பும். அரசின் பங்கு கிடைக்காது. ஆடி, மார்கழி போன்ற மந்தமான மாதங்களிலும் வங்கிக் கணக்கில் 180 ரூபாய் இருக்கும் என்ற நம்பிக்கை உங்களுக்கு இருந்தால் சேருங்கள் என்பேன். வேலை நிறைந்த மாதத்திலேயே ஓராண்டுத் தவணைக்கான 2,160 ரூபாயைக் கணக்கில் ஒதுக்கிவிடுவது நல்லது.

ஆதார் அட்டை, சேமிப்புக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றோடு அருகிலுள்ள பொதுச் சேவை மையத்துக்குச் சென்றால் பதிவு செய்துகொள்ளலாம். நாற்பது வயதைக் கடந்துவிட்டால் சேர வழியில்லை என்பதால் அடுத்த தீபாவளிக்குத் தள்ளிப்போட வேண்டாம். தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் இதுவரை பதிவு செய்யவில்லையென்றால் அதையும் செய்துவிடுங்கள். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு அந்தப் பதிவு பயன்படும்.