கேள்வி – பதில்: தடித்த நூலில் சடைப் பின்னல் தலைப்பட்டை

கேள்வி: குல்லா, மப்ளர், குழந்தை ஸ்வெட்டர் ஆகியவற்றைப் பல ஆண்டுகளாகப் பின்னி வருகிறேன். இந்தக் குளிருக்கு, முதன்முறையாகச் சடை போல் முறுக்கி வரும் கேபிள் பின்னலில், தடித்த உல்லன் நூலைக் கொண்டு, காதை மூடும் தலைப்பட்டை ஒன்றைப் பின்னினேன். சாதாரணப் பின்னலில் மாதிரித் துண்டு போட்டு அளந்து, 10 செ.மீ. அகலத்துக்கு 14 கண்ணிகள் என்று கணக்கிட்டேன். முடித்தபோது அகலம் 8 செ.மீ. கூட இல்லை, காதின் கீழ்ப்பாதி வெளியே தெரிகிறது. கணக்கில் எங்கே பிழை?
– வாசகி, குன்னூர்

பதில்: கணக்கில் பிழை இல்லை, மாதிரித் துண்டைச் சாதாரணப் பின்னலில் போட்டதுதான் பிழை. கேபிள் என்பது புதிய வகைக் கண்ணி அன்று. அதே நிட் கண்ணிகளை (முன்பக்கம் V வடிவில் தெரியும் சாதாரணக் கண்ணிகளை) இடம் மாற்றிப் பின்னுவதுதான். மூன்று கண்ணிகளைத் துணை ஊசியில் (கேபிள் ஊசி) ஒதுக்கி நிறுத்தி, அடுத்த மூன்றை முதலில் பின்னி, அதன்பின் ஒதுக்கியவற்றைப் பின்னும்போது, அருகருகே படுத்திருக்க வேண்டிய ஆறு கண்ணிகள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்காகிவிடுகின்றன. அங்கே கனம் கூடுகிறது, அகலம் குறைகிறது. மெல்லிய நூலில் ஓரளவு மறைந்துபோகும் இந்தச் சுருக்கம், கண்ணிகளின் எண்ணிக்கை குறைவாக உள்ள தடித்த நூலில் அப்பட்டமாகத் தெரியும். ஆகவே மாதிரித் துண்டையும் கேபிளுடனேயே, வடிவம் இரண்டு முறையாவது திரும்பி வரும் அளவுக்குப் பின்னி, நனைத்துக் காயவைத்த பிறகு அளக்க வேண்டும். நானும் என் முதல் தலைப்பட்டையை இப்படித்தான் பாழாக்கினேன். அது பல காலம் ஒரு பூந்தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அகலம் மட்டும் குறைவதில்லை, இழுவையும் குறைகிறது. சாதாரணப் பின்னலில் கண்ணிகள் திறந்துகொள்ள இடம் இருப்பதால் துணி நன்றாக இழுபடும். கேபிளில் சடையின் கால்கள் போன்ற கண்ணிக் கற்றைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அது முரண்டு பிடிக்கும். குல்லாவுக்குக் குறைப்பதைப் போலவே தலைப்பட்டைக்கும் தாராளமாக நீளத்தைக் குறைத்தால் நெற்றியில் தடம் பதியும். நெற்றியிலிருந்து காதுகளின் மேலாகப் பிடரி வரை சுற்றி அளந்தால் பெரும்பாலான பெண்களுக்கு 54 முதல் 57 செ.மீ. வரை வரும். அந்த அளவிலிருந்து 6 செ.மீ. குறைத்துப் பின்னினால் பட்டை நழுவாது, வலிக்கவும் செய்யாது.

நான் பின்னும் முறையைச் சொல்கிறேன். 100 கிராம் பந்தில் ஏறக்குறைய 100 மீட்டர் வரும் தடித்த நூலும் 6.5 மி.மீ. ஊசியும் எடுத்துக்கொண்டு 19 கண்ணிகள் ஏற்ற வேண்டும். நடுவில் உள்ள ஒன்பது கண்ணிகள் சடைக்கு உரியவை. அவற்றுக்கு இருபுறமும் முன்பக்கத்தில் பர்லாக, அதாவது நிட்டின் மறுபுறமாகத் தெரியும் இரண்டிரண்டு கண்ணிகள் பள்ளமாக அமைந்து சடையை எழுப்பிக் காட்டும். ஓரத்தில் உள்ள மூன்று மூன்று கண்ணிகளை எல்லா வரிசைகளிலும் நிட்டாகவே பின்னினால் விளிம்பு சுருளாது. அதாவது முன்பக்க வரிசையில் மூன்று நிட், இரண்டு பர்ல், ஒன்பது நிட், இரண்டு பர்ல், மூன்று நிட். பின்பக்க வரிசையில் ஐந்து நிட், ஒன்பது பர்ல், ஐந்து நிட். இவ்வாறு இரண்டு வரிசைகள் பின்னியபின் கேபிளைத் தொடங்கலாம்.

எட்டு வரிசைகள் கொண்டது ஒரு சுற்று. முதல் வரிசையில், ஒன்பதில் முதல் மூன்று கண்ணிகளைத் துணை ஊசியில் ஏற்றி முன்புறம் நிறுத்தி, அடுத்த மூன்றைப் பின்னி, பிறகு நிறுத்தியவற்றைப் பின்னி, மீதி மூன்றை நேராகப் பின்ன வேண்டும். ஐந்தாம் வரிசையில் முதல் மூன்றை நேராகப் பின்னிவிட்டு, அடுத்த மூன்றைத் துணை ஊசியில் பின்புறம் நிறுத்தி, கடைசி மூன்றைப் பின்னி, பிறகு நிறுத்தியவற்றைப் பின்ன வேண்டும். மற்ற வரிசைகளில் மாற்றம் எதுவும் இல்லை. முன்புறமா பின்புறமா என்ற குழப்பம் வந்தால் தலைவாரிச் சடை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள்: ஓரத்துக் கால்தான் எப்போதும் நடுக்காலின் மேல் ஏறி நடுவுக்கு வரும். ஒருமுறை வலப்பக்கக் கால் ஏறுகிறது, மறுமுறை இடப்பக்கக் கால் ஏறுகிறது. இரண்டு முறையும் முன்புறமே நிறுத்தினால் சடை வராது. ஒரே பக்கமாகச் சரிந்த முறுக்குதான் வரும்.

பன்னிரண்டு சுற்றுகளில் ஏறத்தாழ 50 செ.மீ. நீளமும் 11 செ.மீ. அகலமும் கிடைக்கும், நூல் பந்தில் பாதிக்குச் சற்று மேல் செலவாகும். உங்கள் கை இறுக்கமானது என்றால் கண்ணிகளைக் கூட்டாமல் 7 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள்.

கேள்வி: கேபிள் ஊசி இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஊக்கைக் கொண்டு முயன்றேன், நூல் பிரிகிறது. வேறு வழி உண்டா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: ஊக்கின் கூர்முனை நூலைப் பிளக்கத்தான் செய்யும். கொண்டை ஊசி இருக்கும்போது வேறு எதற்கு? வளைந்த கேபிள் ஊசியின் வடிவமே ஏறக்குறைய அதுதான். நிறுத்திய கண்ணிகள் வளைவில் தங்கிவிடும், நழுவாது. துணை ஊசி பின்னும் ஊசியைவிட மெல்லியதாக இருப்பதில் குற்றமில்லை, தடித்ததாக இருந்தால்தான் கண்ணிகள் விரிந்துபோகும்.

கேள்வி: கேபிள் பின்னல் அயர்லாந்து மீனவக் குடும்பங்களிலிருந்து வந்தது என்றும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வடிவம் இருந்ததால் கடலில் இறந்தவர்களை ஸ்வெட்டரைப் பார்த்தே அடையாளம் கண்டார்கள் என்றும் படித்தேன். உண்மையா?
– வாசகர், சென்னை

பதில்: இடம் ஓரளவு சரி, கதை சரியில்லை. அயர்லாந்தின் மேற்கே, கால்வே விரிகுடாவின் வாயிலில், இனிஷ்மோர், இனிஷ்மான், இனிஷீர் என்று மூன்று அரன் தீவுகள் உள்ளன. சடையும் சாய்சதுரமும் நிறைந்த வெள்ளை ஸ்வெட்டர்களுக்குப் பெயர் கொடுத்தவை இவைதாம். ஆனால் அந்த ஸ்வெட்டர் தொன்மையானது அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அங்குள்ள பெண்கள் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். குடும்ப வடிவங்கள் என்பதற்குச் சான்று இல்லை. அடையாளம் காணும் கதைக்கு வித்தாகச் சொல்லப்படுவது, ஜான் மில்லிங்டன் சிங் எழுதி 1904-இல் மேடையேறிய ‘ரைடர்ஸ் டு த சீ’ என்ற நாடகம். அதில் மூழ்கி இறந்தவனை அவன் தங்கை அடையாளம் காண்கிறாள்; ஆனால் ஸ்வெட்டரால் அன்று, காலுறையால். அதுவும் குலச்சின்னத்தால் அன்று. 60 கண்ணி ஏற்றி அதில் நான்கைத் தவறவிட்டது தன் கையே என்று எண்ணிப் பார்த்துக் கண்டுகொள்கிறாள். கடைக்காரர்கள் சொல்லும் குலச்சின்னக் கதையைவிட இது எனக்கு மிகவும் பிடிக்கும். பின்னுகிறவர் தன் துணியை அறிவது அதிலுள்ள பிழையால்தான்.

கேள்வி: கனடாவில் பள்ளிக்குச் செல்லும் மகளுக்குத் தலைப்பட்டை பின்னிக் கொடுத்தேன். கம்பளி நெற்றியில் அரிக்கிறது என்று கழற்றிவிடுகிறாள். அக்ரிலிக் நூலுக்கு மாறலாமா? தலையில் எண்ணெய் வைப்பதால் பட்டையில் கறையும் படிகிறது.
– வாசகி, ஸ்காபரோ

பதில்: அரிப்புக்குக் காரணம் கம்பளி என்பதைவிட, அந்தக் கம்பளியின் இழை தடித்திருப்பது என்று சொல்வதே பொருத்தம். 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைமுனைகள் வளையாமல் தோலைக் குத்துகின்றன. நேர்த்தியான மெரினோ ஆட்டுக் கம்பளி இழை அதைவிட மெல்லியது என்பதால் பெரும்பாலும் குத்தாது. வியர்வையின் ஈரத்தை உள்வாங்கியும் கதகதப்பைத் தக்கவைப்பது கம்பளிதான். ரொறன்ரோவின் சனவரிக் காற்றுக்கு நான் அக்ரிலிக்கைப் பரிந்துரைக்க மாட்டேன். பின்னி முடித்த பட்டையை வீணாக்க வேண்டாம். உட்புறம் மெல்லிய பனியன் துணியால் ஒரு உள்பட்டை வைத்துத் தையுங்கள். பனியன் துணியும் எந்திரத்தில் கண்ணி கண்ணியாகப் பின்னியதே ஆதலால் பட்டையோடு சேர்ந்து இழுபடும்; தறியில் நெய்த பருத்தித் துணியை வைத்தால் இழுபடாமல் பட்டையைக் கட்டிப்போட்டுவிடும்.

தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் அங்கே அது கறையாக மட்டும் நிற்காது, பிசுக்காக இழைகளில் ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில், மென்மையான சோப்புத் திரவத்தில், கசக்காமல் ஊறவைத்து அலசுங்கள். வெந்நீரும் தேய்ப்பும் சேர்ந்தால் கம்பளி இறுகித் தடித்த கம்பளமாகிவிடும். பிழியாமல் துவாலையில் சுருட்டி அழுத்தி, தட்டையாகப் பரப்பிக் காயவையுங்கள். இஸ்திரிப் பெட்டி சடையின் எழுச்சியைத் தட்டையாக்கிவிடும். அக்ரிலிக்காக இருந்தால் அந்தச் சூட்டில் நிரந்தரமாகவே தளர்ந்துவிடும்.

கேள்வி: பட்டையை முக்கால் பங்கு முடித்த பிறகு, நான்கு சுற்றுகளுக்குக் கீழே ஒரு கேபிளை மாற்றி முறுக்கியிருப்பதைக் கண்டேன். முழுவதையும் பிரிப்பது தவிர வழியில்லையா? இரு முனைகளையும் தடிப்பில்லாமல் இணைப்பது எப்படி என்றும் சொல்லுங்கள்.
– வாசகி, கோத்தகிரி

பதில்: முழுவதையும் பிரிக்க வேண்டாம். பிழை விழுந்த முறுக்கில் இடம் மாறிய ஆறு கண்ணிகளும் நடுவில் ஒன்றோடொன்று கலந்து மேலே வந்திருக்கும். சடை ஒன்பது கண்ணிதான் என்பதால் அந்த ஒன்பதை மட்டும் ஊசியிலிருந்து விட்டு, பிழை உள்ள வரிசை வரை கீழே இறக்குங்கள். இருபுறமும் உள்ள ஐந்தைந்து கண்ணிகள் ஊசியிலேயே இருக்கட்டும். ஏணிப்படி போல் கிடக்கும் நூல்களை ஒவ்வொன்றாக, வரிசை தவறாமல், இரண்டு சிறிய ஊசிகளால் நிட்டாகப் பின்னி ஏறுங்கள். முறுக்கு வரும் வரிசைகளில் சரியாக முறுக்குங்கள். நூல் தடித்தது என்பதால் ஏணியின் படிகள் தெளிவாகத் தெரியும், பகல் வெளிச்சத்தில் ஒரு மணி நேர வேலை. ஆனால் பிழை, பட்டை போட்டபின் பிடரியில் வரும் பகுதியில் விழுந்திருந்தால் நான் தொடமாட்டேன்.

இணைப்புக்கு வருகிறேன். தடித்த நூலில் இரு முனைகளையும் அடைத்துவிட்டு மேல் தையல் போட்டால் பிடரியில் கயிறு போல் உறுத்தும். ஆகவே தொடக்கத்திலேயே வேறு நிறக் கழிவு நூலில் கண்ணிகளை ஏற்றிப் பின்னத் தொடங்குங்கள். முடித்த பின் கழிவு நூலை உருவி, விடுபட்ட 19 கண்ணிகளை இன்னோர் ஊசியில் எடுத்து, முன்பக்கங்கள் உள்நோக்கி இருக்குமாறு இரண்டு ஊசிகளையும் சேர்த்துப் பிடித்து, மூன்றாவது ஊசியால் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கண்ணியாகச் சேர்த்துப் பின்னி அடைத்துக்கொண்டே வாருங்கள். எட்டாவது வரிசை முடிந்த இடத்தில் நிறுத்தினால்தான் சடையின் கால்கள் மறுமுனைக் கால்களுக்கு நேராக வரும். நீங்கள் ஏற்கெனவே சாதாரணமாக ஏற்றித் தொடங்கிவிட்டதால், இந்தப் பட்டைக்கு முனைகளை விளிம்போடு விளிம்பாக வைத்து, அதே நூலின் ஒரு புரியை மட்டும் பிரித்தெடுத்துத் தையுங்கள்.