அயனாவரம் வீட்டில் எனக்குப் பங்கு உண்டா?

கேள்வி: ஐ.சி.எஃப்-இல் வேலை பார்த்த என் அப்பா 1979-இல் தன் சம்பாத்தியத்தில் அயனாவரத்தில் அரை கிரவுண்டு வாங்கி வீடு கட்டினார். 2012-இல் உயில் எழுதாமலே காலமாகிவிட்டார். அம்மா 2020-இல் தவறினார். அண்ணன், நான், தம்பி என்று மூன்று பேர். கீழ் வீட்டில் அண்ணன் குடியிருக்கிறார். 2015-இல் தன் பணத்தில் மாடி எடுத்து, இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறார். சொத்து வரியும் கரண்ட் கனெக்ஷனும் அவர் பெயரில். 1986-இல் எனக்கு 25 பவுன் போட்டுக் கல்யாணம் செய்தார்கள். "அதோட உன் கணக்கு முடிஞ்சது, 89-க்கு முன்னாடி கல்யாணமான பொண்ணுக்குச் சட்டத்திலேயே பங்கு கிடையாது" என்கிறார் அண்ணன். தம்பி கடன் தொல்லையில் தன் பங்கை வெளியாளுக்கு விற்கப் பார்க்கிறான். இப்போது அண்ணன், பெயர் மாற்றத்துக்குத்தான் என்று சொல்லி ஒரு பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். உறவும் கெடக்கூடாது, ஏமாறவும் கூடாது. என்ன செய்வது? - வாசகி, ஆவடி.

பதில்: முதலில் அந்தக் கையெழுத்து. போடாதீர்கள். பத்திரத்தின் நகலை வாங்கி நிதானமாகப் படியுங்கள். "எனக்குள்ள பங்கு பாத்தியதையை விட்டுக்கொடுத்து விடுதலை செய்கிறேன்" என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால், அது விடுதலைப் பத்திரம். பெயர் மாற்றம் அதன் பின்விளைவு மட்டுமே. பங்கு அன்றோடு போய்விடும். பதிவான பிறகு, என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று நீங்கள்தான் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். அதற்கும் விஷயம் தெரிய வந்ததிலிருந்து 3 வருடம்தான் அவகாசம். கூடப் பிறந்தவர்தானே என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல் ரேகை வைத்துவிட்டு அழும் பெண்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பங்கு விஷயத்தில் அண்ணன் சொல்வது தவறு. அவர் சொல்லும் 1989 தமிழ்நாட்டுத் திருத்தம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமான மகள்களை அது விட்டுவிட்டது உண்மை. அந்தக் குறையும் 2005 மத்தியத் திருத்தத்தில் நீங்கி, 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் மகளின் உரிமையை உறுதி செய்துவிட்டது. உங்களுக்கோ அந்த விவாதமே தேவையில்லை. இது அப்பாவின் சுயசம்பாத்தியம். உயில் இல்லாததால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கால் பங்கு வந்தது. அம்மாவும் உயில் எழுதவில்லை என்றால் அவருடைய கால் பங்கு உங்கள் மூவருக்கும் சமமாகப் பிரியும். ஆக, உங்கள் பங்கு மூன்றில் ஒன்று. கல்யாணத்துக்குப் போட்ட நகையை இதில் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. வரி ரசீதும் கரண்ட் பில்லும் யார் பணம் கட்டினார் என்று காட்டும். வீடு யாருடையது என்று தீர்மானிக்காது.

அப்பா இறந்து 12 வருடம் தாண்டிவிட்டதே என்று யாராவது பயமுறுத்தலாம். ஒரு பங்குதாரர் அனுபவிப்பது எல்லாருக்காகவும் அனுபவிப்பதாகவே சட்டம் கருதும். உனக்கு உரிமையே இல்லை என்று வெளிப்படையாக மறுத்து ஒதுக்கினால், அன்றிலிருந்துதான் 12 வருடக் கணக்கு ஓடும். இப்போது அவர் வாய்விட்டு மறுத்துவிட்டார். இனியும் தள்ளிப் போடாதீர்கள்.

மாடி விஷயத்தில் அண்ணன் பக்கமும் நியாயம் இருக்கிறது. மனை மூவருக்கும் பொது. ஆனால் கட்டுமானச் செலவு அவருடையது. பாகப்பிரிவினையில் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுத்து, முடிந்தவரை அந்தப் பகுதியை அவருக்கே ஒதுக்கும், அல்லது மதிப்பில் சரிக்கட்டும். வாடகை முழுவதிலும் மூன்றில் ஒன்று வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பதைவிட, மாடிச் செலவை நீங்களாகவே ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். பாதிப் பகை அங்கேயே இறங்கிவிடும்.

தம்பி தன் பிரிபடாத பங்கை விற்கலாம். ஆனால் வாங்குகிறவர் சாவியோடு உள்ளே வந்து உட்கார முடியாது. பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் வெளியாளுக்குக் கூட்டு அனுபவ உரிமை கிடையாது என்கிறது சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவு. அவர் பாகப்பிரிவினை வழக்குத்தான் போட வேண்டும். அப்படிப் போட்டால், நீதிமன்றம் நிர்ணயிக்கும் மதிப்பில் அந்தப் பங்கை நீங்களோ அண்ணனோ வாங்கிக்கொள்ள 1893 பிரிவினைச் சட்டம் 4-ஆம் பிரிவு வழி தருகிறது. அதற்கும் முன்பே, அப்பா வழி வந்த பங்கை விற்கும்போது மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை தரும் 22-ஆம் பிரிவு வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. விஷயம் தெரிந்த யாரும் இப்படிப்பட்ட பங்குக்கு முழு விலை தரமாட்டார்கள். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்; கடன் நெருக்கடியில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடப் போகிறான்.

அரை கிரவுண்டு என்றால் 1,200 சதுர அடி. மூன்றாகச் சுவர் எழுப்பினால் யாருக்கும் உதவாது. இப்படிப் பிரிக்க முடியாத சொத்தில், பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவர்கள் கேட்டால் வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். உங்களுக்கும் தம்பிக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. விற்க வேண்டாம் என்றால், அண்ணன் உங்கள் இருவர் பங்கையும் நீதிமன்ற மதிப்பில் வாங்கிக்கொள்ள வேண்டும். வழக்கின் முடிவு எப்படியும் இந்த இடத்துக்குத்தான் வரும் என்பதை அண்ணனுக்கு உட்கார வைத்துப் புரிய வையுங்கள். அப்பா கட்டிய வீட்டை விட்டுப் போக மனமில்லாதவர் அவர். இரண்டு பேர் பங்குக்கும் விலை பேசி, பேங்க் லோன் போட்டாவது கொடுத்துவிட்டு வீட்டை வைத்துக்கொள்ளட்டும். அதுதான் உங்கள் மூவருக்கும் சரி என்று நினைக்கிறேன். அந்தத் தொகை கைக்கு வந்த பிறகு, அதே விடுதலைப் பத்திரத்தை, தொகையைக் குறிப்பிட்டு, தாராளமாக எழுதிக் கொடுங்கள். குடும்பத்தினருக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். அதற்கும் 2023 ஜூலையில் மாற்றியமைத்தபடி 40,000 ரூபாய் உச்சவரம்பு உண்டு.

பேச்சு நடக்கவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். அதில் கோபத்தைக் கொட்டாதீர்கள்; அந்த நோட்டீஸ் நாளை கோர்ட்டில் ஆவணமாகும். அதற்கும் மசியாவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு. மதிப்பு 1 கோடி ரூபாய் வரை நகர உரிமையியல் நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். தம்பியையும் கட்டாயம் எதிர்வாதியாகச் சேர்க்க வேண்டும். வழக்கு நடக்கும்போது யார் விற்றாலும் வாங்குகிறவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

வழக்குப் போட்டாலும் சமரசக் கதவு மூடாது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது. உங்கள் வழக்கை அங்கே அனுப்பும்படி முதல் வாய்தாவிலேயே கேட்கலாம். லோக் அதாலத்தில் முடித்தால் மேல்முறையீடு கிடையாது, கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைக்கும். வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எதுவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் போதும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: 1979 கிரயப் பத்திரத்தின் சான்று நகலும் இன்று வரையிலான வில்லங்கச் சான்றும் எடுங்கள். அப்பாவுக்குத் தனியாக, அம்மாவுக்குத் தனியாக வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இரண்டுக்கும் இ-சேவை வழியாகத் தாசில்தாருக்கு விண்ணப்பியுங்கள். அசல் பத்திரம் அண்ணனிடம் இருந்தால் இருக்கட்டும், அதற்காகச் சண்டை வேண்டாம்.