பெயர் வேண்டாம், ஆதார் மட்டும் போகலாமா?

கேள்வி: ஏனுங்க, இருபத்தி நாலு தறி ஓட்டுற ஆளு நான். என் ஆதார், வீட்டுக்காரம்மா ஆதார், குடோன்ல வேலை செய்யற ஒடிசாக்காரப் பசங்க ஏழு பேர் ஆதார் எல்லாத்தையும் ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்புல அனுப்பித்தான் பிரிண்ட் எடுக்கறது. காலேஜ் படிக்கிற பையன் அதுக்கு ஒரே சத்தம். என்கிட்ட ஒளிக்கிறதுக்கு என்னங்க இருக்குது? இருக்கிறதே தறிக் கடன்தான். இதை வச்சு எவன் என்ன பண்ணீரப் போறான்? (பேரு போட வேண்டாமுங்க.)
— பல்லடம் பக்கமிருந்து ஒரு வாசகர்

பதில்: ஒளிக்க ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் பெயர் வேண்டாம் என்கிறீர்கள். தப்பில்லை. கடன் விஷயம் ஊர் வாயில் விழக்கூடாது என்று நினைக்கிறீர்கள், நியாயம். அந்த ஏழு பேருக்கும் இதே நியாயம் உண்டா இல்லையா என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் தங்கமானவராகவே இருக்கட்டும். நீங்கள் அனுப்பிய படம் அவர் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பில் திறக்கிறது. பிரிண்ட் போடுவதற்காக அதை இறக்குகிறார். ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வீட்டுக்கு வந்து ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ அழுத்தினால் சாட்டிலிருந்துதான் போகும். ஃபோல்டரில் இருக்கும் பிரதியை அது தொடாது. ஸ்கூல் அட்மிஷன் மாதத்தில் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் ஊரே அங்கே இருக்கும். யார் காலி செய்கிறார்கள்? கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போகும்போது எல்லாம் கூடவே போகும். தலைகீழாக விழுந்த நகலும் மை மங்கிய நகலும் மேஜைக்கடியில் அட்டைப்பெட்டிக்குப் போய், அங்கிருந்து பழைய பேப்பர் எடைக்குப் போய், ஒருநாள் பஜ்ஜி மடித்து வரும்.

பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பீர்கள். இ-ஆதார் பாஸ்வேர்டு என்பது பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பெரிய எழுத்தில்; அதோடு பிறந்த வருஷம். உங்கள் பெயரும் வயதும் தெரிந்த எவருக்கும் அது திறந்த கதவு. நம் ஆட்கள் பலர் அந்த எட்டையும் பிடிஎஃப்புக்குக் கீழேயே டைப் செய்து அனுப்புகிறார்கள்; கடைக்காரருக்குச் சிரமம் வேண்டாம் பாருங்கள்.

‘எவன் என்ன பண்ணுவான்’ என்பதற்கு வருகிறேன். ஆதார் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் உங்கள் கணக்கைத் துடைத்துவிட முடியாது. அப்படிச் சொல்லிப் பீதி கிளப்புகிறவர்களை நம்பாதீர்கள். கூட ஓடிபி வேண்டும், அல்லது கைரேகை வேண்டும். ஓடிபியை வாங்குவதற்குத்தான் நகல் உதவுகிறது. போனில் பேசுகிறவன் உங்கள் பெயர், வீட்டு விலாசம், பிறந்த தேதி எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தால், பேங்க்காரர்தான் பேசுகிறார் என்று நம்பிவிடுவோம்.

கைரேகை உங்கள் விரலில் மட்டும் இருப்பதாக நினைத்தால் அதுவும் சரியில்லை. பதிவுச் சட்டத்தின் 32ஏ பிரிவுப்படி சொத்துப் பத்திரத்தில் போட்டோவும் ரேகையும் பதிகிறோம். 2018-ல் தெலங்கானாவில் பதிவுத்துறைத் தளத்திலிருந்து எடுத்த பத்திரங்களின் ரேகையை ரப்பர் ஸ்டாம்பு போல வார்த்து, சிம் கார்டு ஆக்டிவேட் செய்த ஆள் பிடிபட்டார். ஊரில் பேங்க் மித்ரா மெஷினில் விரல் வைத்துப் பணம் எடுக்கிறார்களே, அதற்கு ஆதார் எண், பேங்க் பெயர், ரேகை மூன்றும் போதும். ஓடிபி கிடையாது, ஒரு தடவைக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை. அதன்பிறகு ஆதார் ஆணையம் போலி ரேகையைப் பிடிக்கும் சோதனையைக் கடுமையாக்கியிருக்கிறது என்பது உண்மை. இருந்தாலும் பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். பெருவிரலை மாற்ற முடியாது.

அதனால் ரேகையைப் பூட்டிவிடுங்கள். ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போனால் ‘லாக் பயோமெட்ரிக்ஸ்’ இருக்கும். ஆதாரோடு இணைத்த மொபைல் எண் நடப்பில் இருக்க வேண்டும். இதில் ஒரு தொல்லை, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: பூட்டியபின் ரேஷன் கடையில் விரல் வைத்தால் 330 என்று எரர் வரும். மெஷின் பழுது என்று வீட்டுக்காரம்மா சண்டை பிடித்துவிட்டுத் திரும்புவார். தற்காலிகமாகத் திறந்தால் பத்து நிமிஷத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும்போது திறக்க வேண்டாம், முன்னால் இரண்டு பேர் நிற்கும்போது திறக்கட்டும்.

அப்புறம் சிம். ‘ரேகை விழுகலீங்க, இன்னொருக்கா வைங்க’ என்று விற்கிறவர் சொன்னால் உஷாராகுங்கள். முதல் ரேகைக்கு உங்கள் சிம், இரண்டாவதற்கு வேறு யாருக்கோ ஒரு சிம் என்று போவது தெரிந்த தில்லுமுல்லு. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் மொபைல் எண்ணும் ஓடிபியும் கொடுத்தால், உங்கள் பெயரில் ஓடும் எண்கள் எல்லாம் வரும். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் ஒன்பது வரை இருக்கலாம். உங்களுடையது அல்லாததற்கு ‘நாட் மை நம்பர்’ கொடுத்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை, இன்றைக்கே செய்யலாம்.

நகல் எடுக்காமல் காலம் தள்ள முடியாது என்பது எனக்கும் தெரியும். மைஆதாரில் இறக்கும்போது ‘மாஸ்க்டு ஆதார்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால் பன்னிரண்டில் முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். அதில் பத்துப் பிரதி ஒரே தடவையாக எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பக்கத்தில் நின்று, ஃபைலை ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட் செய்யச் சொல்லுங்கள். வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். கார்டையே ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியில் வைப்பதென்றால், பஸ் டிக்கெட் அகலத்துக்கு ஒரு துண்டுக் காகிதத்தை முதல் எட்டு இலக்கத்தின் மேல் வையுங்கள். எண் முன்பக்கமும் இருக்கிறது, பின்பக்கமும் இருக்கிறது. பலர் முன்னால் மறைத்துவிட்டுப் பின்னால் கோட்டை விடுகிறார்கள். 2018-க்கு முந்தைய கார்டு என்றால் கியூஆர் கட்டத்தையும் மூடுங்கள், அதற்குள் முழு எண்ணும் இருக்கும். எதற்கு, யாருக்கு, என்ன தேதி என்று நகலில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: போட்டோவின் மேலே ஏறி, எழுத்துக்குக் குறுக்கே. ஓரத்தில் எழுதினால் வெள்ளைத் தாளை வைத்து மறைத்து மறுபடி நகல் எடுத்துவிடுவார்கள்.

இனி அந்த ஏழு பேர். உங்கள் ஆதாரை நீங்கள் நோட்டீஸ் அடித்து ஒட்டினாலும் அது உங்கள் இஷ்டம். அவர்களுடையதை உங்களிடம் நம்பிக் கொடுத்தது வேலைக்காக. அவர்கள் பெயரில் எங்கோ ஒரு சிம் வாங்கி எவனோ மோசடி செய்தால், மொழி தெரியாத ஊரில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரப் போவது அவர்கள். பிஹெச்டி படித்தவரே தடுமாறும் இடம் அது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. அடுத்தவர் விவரத்தை வைத்திருப்பவர்களின் முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். போன் கேலரியில் இருக்கும் அவர்கள் ஆதார் படங்களை அழியுங்கள், கூகுள் போட்டோஸில் தனியாக ஒரு பிரதி இருக்கலாம், அதையும். காகித நகலை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஆள் ஊருக்குப் போய் இனி வரமாட்டான் என்றால் கிழித்துவிடுங்கள், சாக்கில் கட்டி எடைக்குப் போடாதீர்கள்.

ஏற்கெனவே யார் கணக்கிலாவது பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள். கையோடு பேங்க்கில் எழுத்தில் புகார். பிசகு உங்களிடமும் இல்லை, பேங்க்கிடமும் இல்லை என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நட்டம் கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2017-ல் சுற்றறிக்கை விட்டது.

இன்னொன்று. கடிதத்தோடு உங்கள் ஆதார் நகலையும் பின் அடித்து அனுப்பியிருக்கிறீர்கள், பன்னிரண்டு இலக்கமும் பளிச்சென்று. நாங்கள் கேட்கவே இல்லை. கிழித்தாயிற்று.