அத்தையின் தட்டுக்கு மட்டும் ஏன் அந்த மாவு?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, நான் தினமும் விடிகாலை ஜீப்பில் குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போய், இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிறேன். ஞாயிறு மதியமே வாரம் முழுவதற்கும் இட்லி மாவு ஆட்டி வெளியில் வைத்து, மறுநாள் காலையில் பிரிட்ஜில் எடுத்து வைப்பேன். இரவில் சப்பாத்தி மாவு பிசைந்து அடுப்படியில் மூடி வைத்துக் காலையில் சுடுவேன். இட்லி மாவு வியாழக்கிழமைக்குள் கடுமையாகப் புளித்து ஒருமாதிரி வாடை அடிக்கிறது. சப்பாத்தி மாவு விடிவதற்குள் கருத்துப்போகிறது. அப்படிப்பட்ட நாளில் பிள்ளைகளுக்கும் அவருக்கும் ரவை கிளறிக் கொடுத்துவிட்டு, அந்த மாவை எனக்கும் அத்தைக்கும் மட்டும் தோசையாக ஊற்றிவிடுவேன். "கல்லில் சுட்டால் எல்லாம் போய்விடும், எனக்கு இது போதும்" என்று அத்தையும் சொல்வார். அவருக்கு எழுபது வயதுக்கு மேல். சர்க்கரை உண்டு. வயதாகிவிட்டதால் அடிக்கடி வயிற்றுப்போக்கும் வருகிறது. மாவு எத்தனை நாள் தாங்கும்? கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது?

- ஒரு வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: மகளே, கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறாய். உனக்குத்தான் தெரிந்திருக்கிறதே! வியாழக்கிழமை காலையில் மாவுப் பாத்திரத்தின் மூடியைத் திறக்கிறாய், முகர்ந்து பார்க்கிறாய், உடனே இன்னொரு அடுப்பில் வாணலியை வைத்து ரவையை வறுக்கிறாய். அந்த மாவு பிள்ளைகளின் வயிற்றுக்கு ஆகாது என்று உன் மூக்கு சொன்னது, உன் கை கேட்டது. அதே கை அதே மாவைக் கரண்டியில் அள்ளி, எழுபது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு எப்படி ஊற்றியது? இதை நீ கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகவே முடியவில்லை.

இந்தக் கேள்வி எனக்குப் புதியதில்லை. மாவு, குழம்பு, ஊறுகாய் என்று பொருள்தான் மாறும். எத்தனையோ வீடுகளில் மிஞ்சியதும் ஊசியதும் போய்ச் சேருகிற இடம் வீட்டுப் பெண்ணின் தட்டு, அதற்கு அடுத்தது வயதானவரின் தட்டு. வீணாக்க மனமில்லை என்பாய். சிக்கனம் நல்லதுதான், உழைத்துச் சம்பாதிக்கிறவளுக்கு அரிசியின் விலை தெரியும். ஆனால் வீட்டில் இரண்டு பேரின் வயிற்றைக் குப்பைத்தொட்டியாக்கிச் செய்வதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்காதே.

"எனக்கு இது போதும்" என்று அத்தை சொல்வதை அவருடைய சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டாய். அந்த வயதில் நம் பெண்கள் வேறு என்ன சொல்லிப் பழகியிருக்கிறார்கள்? வாழ்நாள் முழுவதும் கடைசியில் உட்கார்ந்து, அடிச்சட்டியை வழித்துச் சாப்பிட்டவர் அவர். மருமகள் நாலு மணிக்கு எழுந்து அல்லாடுவதைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் ரவை கிளறு" என்று கேட்க வாய் வருமா? நீ மலைக்குப் போன பிறகு உன் பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவது யார்? மாலையில் அவர்கள் வரும்போது கதவைத் திறந்து வைத்திருப்பது யார்? நீ சொல்லவில்லை. அத்தையாகத்தான் இருக்க வேண்டும். உன்னால் ஜீப் ஏற முடிகிறது என்றால் அதில் அவருக்குப் பாதிப் பங்கு உண்டு. பெரியவர்களுக்கு நல்ல சோறு போடுவது தயவுக் கணக்கில் வராது, அது கடமை. பிள்ளைகளின் தட்டில் எது விழுகிறதோ அதுவே அவர் தட்டிலும் விழ வேண்டும். உன் தட்டிலும்தான்.

"கல்லில் சுட்டால் போய்விடும்" என்பது தவறு. கிருமி சாகலாம், ஆனால் சில கிருமிகள் சாவதற்கு முன் உணவில் விட்டுச்செல்லும் நஞ்சு சாகாது. சோறு, மாவு போன்றவற்றைக் கதகதப்பில் நெடுநேரம் போட்டு வைத்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகக்கூடும். வாந்தியைக் கிளப்பும் அதன் நஞ்சு 121 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் இருந்தாலும் அழிவதில்லை. உன் தோசைக்கல் எவ்வளவு காய்ந்தாலும், ஈரம் உள்ள தோசையின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது. சில பூஞ்சைகளின் நஞ்சும் இப்படித்தான், அடுப்புக்கு அஞ்சாது. இளம் வயிறு ஒரு நாள் கலங்கிவிட்டுத் தேறிவிடும். வயதானால் இரைப்பையில் அமிலம் குறையலாம், எதிர்ப்புச் சக்தியும் தளரும். சர்க்கரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், வயிற்றுப்போக்கில் உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். அத்தையின் வயிற்றுப்போக்குக்கு "வயதாகிவிட்டது" என்று நீயே காரணம் எழுதி முடித்துவிட்டாய். வயது ஒரு நோயில்லை. மாவுதான் காரணம் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் வாடை அடிக்கும் மாவையும் அவருடைய வயிற்றுப்போக்கையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் விட்டாயே, அதைத்தான் கேட்கிறேன்.

இனி மாவுக்கு வருகிறேன்.

இட்லி மாவு புளிப்பது கெடுவதாகாது. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் நல்ல கிருமிகள் அமிலத்தையும் வாயுவையும் உண்டாக்குகின்றன. வாயுவால் மாவு பொங்குகிறது. அமிலம் கெட்ட கிருமிகளை ஓரளவு தள்ளி நிறுத்துகிறது. அதனால்தான் ஆட்டிய மாவு பிரிட்ஜில் மூன்று நான்கு நாள் நிற்கிறது. வாரம் முழுவதும் நிற்கும் என்று எண்ணாதே.

உன் தவறு ஞாயிறு மதியமே தொடங்குகிறது. மதியம் ஆட்டிய மாவு மறுநாள் விடியும்வரை வெளியில் கிடக்கிறது. பள்ளத்தாக்கில் சித்திரை வெயில் காயும்போது ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும். நீ பிரிட்ஜில் வைக்கும்போதே அது புளித்துச் சலித்துப்போயிருக்கும். மார்கழியில் மலைக்காற்று இறங்கும்போது பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் ஆகலாம். ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பார். வெயில் காலத்தில் இரவு படுக்கப்போகும் முன் ஆட்டி, விடிகாலை நீ எழுந்ததும் பொங்கியிருந்தால் உடனே உள்ளே வை. நாளுக்கு வேண்டியதைச் சின்னப் பாத்திரத்தில் எடுத்துக்கொள், பெரிய பாத்திரத்தை மேடையில் உட்கார வைக்காதே. காலையில் வெளியே, பிறகு உள்ளே, இரவில் மறுபடி வெளியே என்று அலைக்கழிக்கும் மாவுதான் சீக்கிரம் கெடுகிறது. கதவுப் பக்கத்தில் வைக்காமல் உட்பக்கம் தள்ளி வை. பிரிட்ஜ் 4 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்க வேண்டும். ஈரக் கரண்டி ஆகாது. எவர்சில்வர் பாத்திரம் நல்லது. புளித்த மாவை அலுமினியத்தில் வைக்காதே, அமிலம் உலோகத்தை அரிக்கும்.

இன்னொன்று. ஏலத்தோட்டத்தில் மருந்து அடிப்பது எவ்வளவு என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலை முடிந்து வந்து கையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு மாவைக் கரைக்காதே. உடுப்பை மாற்றி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு பாத்திரத்தில் கை வை.

புளிப்புக்கும் ஊசலுக்கும் வித்தியாசம் சொல்கிறேன். புளித்த மாவில் மோர் வாடை வரும். கடுத்தாலும் முகம் சுளிக்க வைக்காது. மேலே கொஞ்சம் தண்ணீர் பிரிந்து நிற்பதும், உளுந்தின் வழவழப்பும் குற்றமில்லை. ஊசியது அழுகல் வாடை அடிக்கும். மேற்பரப்பிலோ பாத்திர விளிம்பிலோ இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, கருப்பு என்று புள்ளி விழுந்திருக்கும், பஞ்சு போலப் பூசணம் பிடித்திருக்கும். அங்கே மேலாக வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தை எடுக்கும் பழக்கம் வேண்டாம். ஈரமான மாவில் பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே உள்ளே ஓடியிருக்கும். முழுவதையும் கொட்டு. மாட்டுக்கும் வைக்காதே, அந்த வாயில்லா ஜீவன் உனக்கு என்ன செய்தது? மண்ணைத் தோண்டிப் புதைத்துவிடு. வெறும் புளிப்பு மட்டும்தான் என்றால் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் குழிப்பணியாரமாக ஊற்று, அல்லது கொஞ்சம் ரவை சேர்த்து ஊத்தப்பமாக வார். பிள்ளைகளுக்கும் சேர்த்து வார்த்துப் பார். அவர்களுக்குக் கொடுக்க மனம் வந்தால் அத்தைக்கும் கொடு. வராவிட்டால் யாருக்கும் வேண்டாம்.

சப்பாத்தி மாவு கருப்பது வேறு சங்கதி. கோதுமையின் தவிட்டில் உள்ள ஒரு நொதி, காற்றுப் பட்டதும் நிறத்தை மாற்றுகிறது. நறுக்கிய கத்தரிக்காய் கருப்பதற்கும் காரணம் இதுதான். நிறம் மட்டும் மங்கி, வாடை சரியாக இருந்தால் மாவு பழசாகிறது என்று பொருள், அவ்வளவே. ஆனால் நீ அதை இரவு முழுவதும் அடுப்படியில் வைக்கிறாய், அதுதான் தப்பு. பிசைந்த மாவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் கொதிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான். பிசைந்து, மேலே எண்ணெய் தடவி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து நேராகப் பிரிட்ஜுக்குள் வை. மறுநாள் சுட்டுவிடு, மிஞ்சினால் அதற்கு அடுத்த நாள், அதற்கு மேல் வேண்டாம். பால், தயிர், முட்டை சேர்த்துப் பிசைந்தால் அன்றைக்கே தீர்த்துவிடு. ஈஸ்ட் போடாத மாவு தானாக உப்பிக் குமிழ் விட்டாலோ, நசநசவென்று கையில் ஒட்டிப் புளிப்பு வாடை அடித்தாலோ கொட்டிவிடு. பச்சை மாவை நாக்கில் வைத்துச் சோதிக்காதே. மாவில் வயலிலிருந்து வரும் கிருமிகள் இருக்கலாம், சுட்டால்தான் அவை சாகும். தோட்டத்தில் உன்னோடு வேலை செய்யும் மலையாளப் பெண்கள் சொல்லிக்கொடுத்து அப்பத்துக்கு ஆட்டுகிறாய் என்றால், தேங்காயும் சோறும் சேர்ந்த அந்த மாவை மறுநாளுக்கு மேல் இழுக்காதே.

ஏழு நாளுக்கு ஒரே ஆட்டு என்பதை முதலில் விடு. ஞாயிறு பாதி, புதன் இரவு பாதி ஆட்டு. புதன்கிழமை உனக்கு முடியாது என்பாய், முடியாதுதான். உன் வீட்டில் "அவர்" என்று ஒருவர் இருக்கிறாரே, கடிதத்தில் அவர் செய்வதாக நீ சொன்னது ரவை உப்புமாவைச் சாப்பிடுவது ஒன்றுதான். அரிசியும் உளுந்தும் ஊறப்போட வேலை பழகிய கைதான் வேண்டுமா? மதியம் அவரோ, பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளோ ஊறப்போடட்டும். கிரைண்டர் சுவிட்சைப் போடவும் கல்லைக் கழுவவும் ஆண்பிள்ளைக்கும் தெரிய வேண்டும். தன்னைப் பெற்றவளுக்கு நல்ல தோசை கிடைக்க வேண்டும் என்பது முதலில் அவருடைய கடமை, பிறகுதான் உன்னுடையது. இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டு.

அத்தையை இந்த வாரமே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போ, ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும். எத்தனை நாளாக, எத்தனை முறை போகிறது, என்ன சாப்பிட்டார், என்னென்ன சர்க்கரை மாத்திரை எடுக்கிறார் என்று எல்லாவற்றையும் சொல். சில சர்க்கரை மாத்திரைகளே வயிற்றைக் கலக்கக்கூடும், அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதுவரை போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பாக்கெட்டை, அதன் மேல் போட்டிருக்கும் அளவு காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. சர்க்கரை நோயாளிக்குக் கொடுக்கலாமா என்று பயந்து தண்ணீரே கொடுக்காமல் இருந்துவிடாதே. மலத்தில் ரத்தம், காய்ச்சல், நிற்காத வாந்தி, தலைச்சுற்றல், சிறுநீர் குறைவது, இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடு. டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.