வெளுத்த திட்டு தெரிந்தால் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 41. இரண்டு பிள்ளைகள். நான்கு மாதங்களுக்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்து, ‘பாசிட்டிவ்’ என்று சொல்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். தொந்தரவு எதுவும் இல்லாததாலும் பயத்தாலும் இன்னும் போகவில்லை. ‘கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் கவலையே இல்லை’ என்கிறார் என் நாத்தனார். எடுத்துவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி மாவட்டம்

பதில்: உங்களுக்குச் செய்தது, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெளுத்த திட்டு தெரிகிறதா என்று கண்ணால் பார்க்கும் சோதனையாக இருக்கும். பிற்காலத்தில் புற்றாகக்கூடிய செல்கள் வெளுப்பதைப் போலவே சாதாரண அழற்சியும் வெளுத்துக் காட்டும் என்பதால், இதில் பாசிட்டிவ் என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. உங்களுக்கு இருப்பது எது என்பதை அறியத்தான் அந்தச் சீட்டு.

அங்கே செய்யப்போவது கால்போஸ்கோப்பி. அதே இடத்தை உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பார்கள்; கருவி உடலுக்குள் நுழைவதில்லை. சந்தேகமான இடம் தெரிந்தால் அரிசி மணியளவு சதையை எடுத்துப் பயாப்ஸிக்கு (நுண்ணோக்கியில் பார்க்கும் திசுப் பரிசோதனைக்கு) அனுப்புவார்கள். பொதுவாக அன்றே வீடு திரும்பலாம். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துச் செல்லுங்கள்.

நாத்தனாரின் யோசனையை நான் ஏற்கவில்லை. பயாப்ஸி முடிவு தெரியாமல் கர்ப்பப்பையை எடுப்பது, நோய் இல்லாதவருக்குத் தேவையற்ற அறுவை; புற்று உண்மையிலேயே இருந்துவிட்டாலோ அது போதாத அறுவையாகிவிடலாம், ஏனெனில் ஆழமாக ஊடுருவிய புற்றுக்கு வேண்டிய அறுவையும் கதிர்வீச்சும் வேறு. பயாப்ஸியில், புற்றுக்கு முந்தைய முதல்நிலை மாற்றம் என்று வந்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஓராண்டு கழித்து மீண்டும் பார்த்தால் போதும். இரண்டாம், மூன்றாம் நிலை மாற்றம் (இதுவும் புற்றுக்கு முந்தையதுதான்) என்றால் அந்தப் பகுதியை மட்டும் வெப்பத்தால் அழிப்பார்கள், அல்லது மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுப்பார்கள். கர்ப்பப்பை அப்படியே இருக்கும். சிகிச்சைக்குப் பின்னும் பல ஆண்டுகளுக்குத் தொடர் பரிசோதனை உண்டு. இத்தகைய மாற்றத்துக்காகக் கர்ப்பப்பையையே எடுத்தவர்களுக்கும் அது உண்டு என்பதை நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

தொந்தரவு இல்லை என்பதில் ஆறுதல் கொள்ள முடியாது. புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் வலிப்பதில்லை. இதற்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் பெரும்பாலோரின் உடலைவிட்டு இரண்டு ஆண்டுகளுக்குள் தானே நீங்கிவிடும்; நீங்காமல் தங்கினாலும் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே நான்கு மாதத் தாமதத்தை நினைத்துக் கலங்க வேண்டாம். ஆனால் அந்த மாற்றம் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. இந்த மாதமே செல்லுங்கள். சீட்டு தொலைந்திருந்தால், அதே சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் கேட்டு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.