ஆதிக் கிறிஸ்தவப் பெண் புனிதர்களில் உங்கள் மனதைத் தொட்டவர் யார், ஏன்?

எனக்குப் பெர்பெத்துவா.

பூசையில் முதலாம் நற்கருணை மன்றாட்டைச் சாமியார் முழுதாகச் சொல்கிற நாட்களில், "பெலிசித்தா, பெர்பெத்துவா, ஆகத்தா, லூசியா" என்று ஒரு வரிசை வரும். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பெயர்தான். ஆனால் அவள் யார் என்று படித்தது, என் முதல் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மாதங்களில். நடுராத்திரியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, போன் வெளிச்சத்தில். புனிதரை "அவள்" என்று எழுதுகிறேனே என்று வருத்தப்படாதீர்கள். கைக்குழந்தையோடு இருந்த 22 வயதுப் பெண்ணை எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை.

கார்த்தேஜ், இன்றைய துனிசியாவில் இருக்கிறது. கி.பி. 203, செப்டிமியஸ் செவெரஸ் பேரரசராக இருந்த காலம். விபியா பெர்பெத்துவா நல்ல குடும்பத்துப் பெண், படித்தவள், கல்யாணமானவள். திருமுழுக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது கைதானாள். அவளோடு பெலிசித்தா, ரெவொகாத்துஸ் என்ற இரண்டு அடிமைகளும் இன்னும் இரண்டு இளைஞர்களும். இவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்த சாத்துருஸ் உபதேசியார் அப்போது பிடிபடவில்லை. பிள்ளைகளைத் தனியாக விட மனமில்லாமல் பிறகு தானே வந்து சரணடைந்தார்.

சிறையில் இருந்த நாட்களைப் பெர்பெத்துவா தன் கையாலேயே எழுதி வைத்தாள். கிறிஸ்தவப் பெண்கள் எழுதியவற்றில் நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய எழுத்துகளில் அதுவும் ஒன்று. பல புனிதர்களின் சரித்திரம் ரொம்ப காலம் கழித்து வேறு யாரோ எழுதியது. இங்கே அவள் குரலே கேட்கிறது, அதுவும் எவ்வளவு சாதாரணமான குரல்! இப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததே இல்லை, பயந்துபோனேன் என்கிறாள். புழுக்கம், கூட்டம், காசு பிடுங்கும் காவலர்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையைப் பற்றிய கவலை. தியாக்கோன்கள், அதாவது திருச்சபைப் பணியாளர்கள், இரண்டு பேர் காவலருக்குப் பணம் கொடுத்து, சில மணி நேரம் காற்றோட்டமான இடத்துக்கு இவர்களை மாற்றுகிறார்கள். அங்கேதான், பசியில் துவண்டு கிடந்த குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் எழுதுகிறாள்: சிறை எனக்கு அரண்மனையாகிவிட்டது, வேறெங்கும் இருக்க எனக்கு விருப்பமில்லை.

அந்த வரியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

அவளுக்கு வந்த கனவிலும் பால்தான். வானம் வரை ஒரு வெண்கல ஏணி. இரண்டு பக்கமும் வாள், ஈட்டி, கொக்கி. அடியில் ஒரு பாம்பரக்கன். அதன் தலையையே முதல் படியாக மிதித்து ஏறிப் போனால் பெரிய தோட்டம். நரைத்த தலையோடு ஒரு மேய்ப்பர் ஆடு கறந்துகொண்டிருக்கிறார். "வா மகளே" என்று, கறந்த பாலின் கட்டியை ஒரு வாய் கொடுக்கிறார். இரண்டு கையையும் குவித்து வாங்கிச் சாப்பிடுகிறாள். விழித்தபோதும் வாயில் இனிப்பை மென்றுகொண்டிருந்தாளாம். இனி இந்த உலகத்தில் நம்பிக்கை வைக்க ஒன்றுமில்லை என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது.

சரி, குழந்தையை விட்டுவிட்டுப் போக எப்படி மனசு வந்தது? என் அம்மா இதைத்தான் முதலில் கேட்டார். எனக்கும் அது எளிதில் ஜீரணமாகவில்லை. பதில் அவள் அப்பாவோடு பேசுகிற இடத்தில் இருக்கிறது. கைதான புதிதில் அவர் மனதை மாற்ற வந்தபோது, "அப்பா, இந்தக் குடத்தைக் குடம் என்பதைத் தவிர வேறு பெயரால் சொல்ல முடியுமா?" என்று கேட்கிறாள். முடியாது என்கிறார். "அப்படித்தான் நானும். கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறெதுவும் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது." அடுத்த முறை அவர் வந்தபோது கோபமெல்லாம் போய்விட்டது. அவள் கையை முத்தமிட்டு, காலில் விழுந்து, மகளே என்று கூப்பிடாமல் "அம்மணி" என்று அழுகிறார். விசாரணையில் ஆளுநர் ஹிலாரியானுஸ், அப்பாவின் நரைத்த தலைக்கு இரங்கு, பிள்ளைக்கு இரங்கு, பேரரசர்களின் நலனுக்காகப் பலி கொடு என்கிறார். "செய்ய மாட்டேன்." குறுக்கே வந்த அப்பாவைப் பிரம்பால் அடிக்கிறார்கள். அந்த அடி என் மேலேயே விழுந்தது போல வலித்தது என்று எழுதியிருக்கிறாள். பாசம் அற்றுப்போன மனசு இப்படி எழுதாது. அவள் யாரையும் குறைவாக நேசிக்கவில்லை. இல்லாத ஒன்றாகத் தன்னைச் சொல்லிக்கொள்ள மட்டும் அவளால் முடியவில்லை.

அரங்கத்தில் மிருகங்களுக்கு முன்னால் விட வேண்டும் என்று தீர்ப்பு. அதற்குப் பிறகு குழந்தையைக் கேட்டு ஆள் அனுப்புகிறாள். அப்பா தர மறுக்கிறார். கடவுள் சித்தம், அதற்குமேல் பிள்ளை பால் கேட்கவில்லை, தனக்கும் பால் கட்டிக்கொள்ளவில்லை என்கிறாள். பால் கட்டி ராத்திரி முழுக்கக் காய்ச்சலில் கிடந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அற்புதம் என்று தெரியும்.

பெலிசித்தா அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்று ரோமச் சட்டம். கூட்டாளிகளோடு சேர்ந்து சாக முடியாதோ என்பதுதான் அவள் கவலை. எல்லோரும் சேர்ந்து ஜெபித்தார்கள், உடனே வலி எடுத்தது. இதற்கே கத்துகிறாயே, மிருகங்கள் முன்னால் என்ன செய்வாய் என்று ஒரு காவலன் ஏளனம் செய்கிறான். "இப்போது படுவது நான். அங்கே எனக்காகப் பாடுபட எனக்குள் இன்னொருவர் இருப்பார்" என்கிறாள் அவள். பிறந்தது பெண் குழந்தை. ஒரு கிறிஸ்தவச் சகோதரி அதைத் தன் மகளாக வளர்த்தாள்.

அரங்க விளையாட்டுக்கு முந்தைய நாளோடு பெர்பெத்துவா எழுதுவதை நிறுத்துகிறாள். அரங்கத்தில் நடப்பதை விருப்பமுள்ளவர் எழுதட்டும் என்று. வேறொருவர் எழுதினார். மார்ச் 7, இளவரசன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டு. பெண்கள் இருவரையும் வலையில் போர்த்திக் கொண்டுவந்தபோது, வேடிக்கை பார்க்க வந்த கூட்டமே திடுக்கிட்டது. ஒருத்தி மென்மையான இளம்பெண். இன்னொருத்தி பச்சை உடம்புக்காரி, மார்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்ப அழைத்துப்போய் அங்கி போட்டுக் கொண்டுவந்தார்கள். வெறிபிடித்த பசு முட்டி இருவரும் விழுந்தார்கள். பெர்பெத்துவா எழுந்து கிழிந்த துணியை இழுத்து மூடினாள், கலைந்த கூந்தலைச் செருகிக்கொண்டாள். அப்புறம் கீழே கிடந்த பெலிசித்தாவிடம் போய்க் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். கடைசியில் வாளோடு வந்த இளைஞனின் கை நடுங்கியபோது, அந்தக் கையைத் தன் கழுத்துக்குக் கொண்டுபோனதும் அவளே.

இப்போது பூசையில் அந்த வரிசை வரும்போது கவனிக்கிறேன். அடிமைப் பெண்ணின் பெயர்தான் முதலில் வருகிறது, அவளைத் தூக்கிவிட்டவளின் பெயர் அதற்கு அடுத்து.